அண்ணி ஓடும் திசை

அத்தியாயம் 17

அண்ணன் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு, அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டியதைப் போன வாரம் பார்த்தோம். ஒட்டியது லிஃப்ட் பழுதுபார்க்கும் தன் வேலைக்காக வாங்கிய கறுப்பு டேப்பால். இனி அந்தச் சுவரிலிருந்து பூச்சு பெயர்ந்தாலும் பெயரும், தாள் பெயராது.

தாளின் தலையில் பெரிய எழுத்தில் இரண்டு வரி. "குட்டி: இன்றைக்கு எவ்வளவு?" என்பது ஒன்று. "இவள்: 30 நிமிடம், எப்போதும்" என்பது இன்னொன்று.

இவள் என்று அவன் எழுதியது தன் மனைவியை. குட்டி, அவனுடைய தங்கை. வயது முப்பத்து மூன்று, தீயணைப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒன்பது வருட வேலை. வீட்டுக்கு வந்தால் மட்டும் இன்னும் குட்டி.

நாலு வருடத்துக்கு முன்னால், கல்யாணம் சரிப்படாமல் இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். முதல் இரண்டு வருடம் அண்ணிக்கும் அவளுக்கும் எலியும் பூனையும்தான். குளியலறையில் யார் துண்டு எந்தக் கொக்கியில் என்பதற்கே ஒரு வாரம் பேச்சு நின்றிருக்கிறது.

அப்புறம் டாக்டர் அண்ணியை உடம்பைக் குறைக்கச் சொன்னார். "துணைக்குக் குட்டியைக் கூட்டிட்டுப் போ" என்றான் அண்ணன், தெரியாத்தனமாக.

"அவ பக்கத்துல ஓடினா வழியெல்லாம் என்னைக் குறை சொல்லிட்டே வருவா" என்றாள் அண்ணி.

"அவங்க பக்கத்துல ஓடினா வழியெல்லாம் புத்தி சொல்லிட்டே வருவாங்க" என்றாள் குட்டி.

அப்படித்தான் இருவரும் எதிரெதிர்த் திசையில் ஓட ஆரம்பித்தார்கள். ஊருக்கு நடுவே கிடந்த பழைய ரயில் பாதையைப் பெயர்த்து, வாய்க்கால் கரையோடு சேர்த்து, மரம் வைத்து ஒரு பசுமைப் பாதை போட்டிருக்கிறார்கள். போட்டவர்கள் நல்லா இருக்கட்டும். பாதையின் வாசலில் தொடங்கி அதே வாசலுக்குத் திரும்பினால் சரியாக ஐந்து கிலோமீட்டர். அண்ணி வாய்க்கால் பக்கமாகக் கிளம்புவாள், குட்டி ரயில் பாதை பக்கமாக. இரண்டையும் சேர்க்கும் இரும்புப் பாலம் நட்ட நடுவில். அங்கேதான் தினமும் சந்திப்பு.

சந்திக்கும்போது நிற்கக் கூடாது. கையைத் தூக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் பேசலாம். இது யாரும் உட்கார்ந்து போட்ட சட்டம் இல்லை, தானாக வந்தது. "அடுப்புல பால் இருக்கு." "உன் சாவி என் பையில இருக்கு." ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம்தான் என்றால் யாராலும் சண்டை போட முடியாது பாருங்கள். இரண்டு வருடம், ஒவ்வொரு வாக்கியமாக, இந்த இருவரும் சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள். வெளியே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அது வேறு.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குட்டிக்குப் பரீட்சை. ஐந்து கிலோமீட்டரை இருபத்தெட்டு நிமிடத்துக்குள் ஓடினால், ஃபோன் எடுக்கும் நாற்காலியை விட்டுத் தீயணைப்பு வண்டியில் ஏறலாம். "கிளம்புங்க" என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவள், தானே கிளம்பலாம். அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்து நாலு ஆகிறது, வயது வரம்பு தாண்டிவிடும். அதனால் இதுதான் முதல் வாய்ப்பு, இதுவே கடைசி.

இருவரும் ஓடும்போது கடிகாரம் கட்டுவதில்லை, ஃபோன் எடுத்துப் போவதில்லை. "நாள் முழுக்க மணி அடிக்கிற இடத்துல வேலை பார்க்கறோம், இந்த அரை மணியாவது அடிக்காம இருக்கட்டும்" என்பது அண்ணியின் கட்டளை. வேகத்தை எப்படி அளப்பது? பாலத்தை வைத்துத்தான். பாலத்தில் சந்தித்தால் இருவரும் சமம். பாலத்தைத் தாண்டி அண்ணியின் கரையில் சந்தித்தால் குட்டி வேகம். அண்ணன் கணக்கு வாத்தியார் மாதிரி விளக்கினான். "உன் அண்ணி முப்பது நிமிஷம். அது மாறாது. அதை அப்படியே வெச்சுட்டா, நீ எங்க சந்திக்கிறியோ அதுலேருந்து உன் நேரத்தைக் கண்டுபிடிச்சுடலாம்."

இரண்டு மாதமாகச் சந்திப்பு பாலத்தைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சுவரில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. முப்பது. இருபத்தெட்டரை. இருபத்தேழு.

இனி புதன்கிழமைக்கு வருவோம்.

*

காலை ஐந்தே முக்கால். பாதையின் வாசலில் அண்ணி ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

குட்டியின் சட்டைப்பையில் ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தது. நிலைய அதிகாரி முந்தின நாள் மாலை கையில் திணித்தது. "பாலத்தையும் உங்க அண்ணன் காலண்டரையும் நம்பிப் பரீட்சைக்கு வராதே. ஒரு தடவையாவது இதை வெச்சு ஓடு" என்று அந்த அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டாள். அண்ணிக்குத் தெரியாமல் பையில் கையை விட்டு அமுக்கினாள் குட்டி.

"போலாமா?"

"போலாம்."

அண்ணி இடப்பக்கம். குட்டி வலப்பக்கம்.

ரயில் பாதை பக்கம் வீடுகளின் முதுகு வரிசையாகத் தெரியும். சமையலறை விளக்குகள், பல் விளக்கிக்கொண்டே வேடிக்கை பார்க்கும் ஒருவர், மூன்று நாய்களின் கயிற்றில் சிக்கிக்கொண்டு சுற்றும் ஒருவர். மேம்பாலத்துக்குக் கீழே போகும்போது மட்டும் ஒரு குளிர்ச்சி. குட்டி சுகமாக ஓடினாள். இருபத்தேழு நிமிடம் ஓடுகிறவளுக்கு என்ன அவசரம்? போன வாரத்திலிருந்தே அவளுக்கு அந்த நிம்மதி வந்துவிட்டது.

இரும்புப் பாலம் வந்தது. அண்ணியைக் காணோம். மஞ்சள் தண்ணீர்த் தொட்டி வந்தது, நேற்று சந்தித்த இடம். அங்கேயும் காணோம். அதற்கப்பால் மூன்று பெஞ்சுகள். மூன்றாவது பெஞ்சுக்குப் பின்னால் வளைவில் அண்ணி வந்துகொண்டிருந்தாள். கையைத் தூக்கினாள்.

"முட்டை" என்றாள்.

"சரி" என்றாள் குட்டி.

அவள் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்குப் பின்னால் எந்தப் பெஞ்சு இருக்கிறது என்று பார்த்தாள். மூன்றாவது! காலில் சிறகு முளைத்தது போல இருந்தது. மீதிப் பாதையை மனதுக்குள் வண்டியிலேறி, குழாயைப் பிடித்து, மாடி மாடியாகத் தீயை அணைத்தபடி ஓடி முடித்தாள்.

வாசலில் வந்து ஸ்டாப்வாட்சை எடுத்தாள்.

இருபத்தொன்பது நிமிடம், நாற்பது நொடி.

தட்டிப் பார்த்தாள். குலுக்கிப் பார்த்தாள். காதில் வைத்தும் பார்த்தாள். அது சத்தமே போடாத ரகம்.

*

அண்ணி வழக்கம்போலப் பாதையின் சந்தைப் பக்க வாசல் வழியாக வெளியேறி, முட்டையோடு தாமதமாக வந்து சேர்ந்தாள். அதற்குள் அண்ணன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சுவர் முன்னால் தயாராக நின்றான்.

"எங்கே?"

"மூணாவது பெஞ்சு" என்றாள் குட்டி. குரலில் ஜீவனே இல்லை.

அவன் கணக்குப் போட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டான். "இருபத்து நாலரை! ஏய், நீ மனுஷியா என்ன? ஏம்மா, கேட்டியா, உன் நாத்தனார் பறக்கறா!"

சமையலறையிலிருந்து அண்ணியின் சிரிப்பு வந்தது. "எனக்குத்தான் தெரியுமே. நான் சொன்னேன்ல?"

குட்டி ஸ்டாப்வாட்சைப் பைக்குள் தள்ளினாள். கடிகாரம்தான் கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று நம்ப விரும்பினாள். மனசு அப்படித்தான், தனக்கு வேண்டியதற்கு வக்காலத்து வாங்கும்.

*

கட்டுப்பாட்டு அறையில் ஆறு மேசை, ஆறு திரை, நடுச்சுவரில் ஊருக்கெல்லாம் நேரம் சொல்லும் பெரிய கடிகாரம். குட்டி ஸ்டாப்வாட்சை அதற்கு எதிரில் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டாள். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"என்ன, கடிகாரத்துக்குப் பரீட்சையா?"

"ஆமா. பாஸாகிடுச்சு" என்றாள். ஒரு நொடி பிசகவில்லை.

பதினொன்றே காலுக்கு ஒரு அழைப்பு. ஆண் குரல்.

"புகை" என்றார்.

"எங்கே சார்?"

"எட்டாவது... மாடி... படி..."

"நீங்க படியில இறங்கி வந்துட்டீங்களா?"

"ஆமா... வெளியே..."

"நல்லது. அப்படியே உட்காருங்க. நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க." ஐந்து கேள்வியில் முகவரி, மாடி, உள்ளே யாருமில்லை என்பது எல்லாம் வந்துவிட்டது. வண்டி கிளம்பிற்று. அடுப்பில் மறந்த பாத்திரம், பெரிதாக ஒன்றுமில்லை என்று பத்து நிமிடத்தில் செய்தியும் வந்தது.

குட்டி இந்த வேலையில் கெட்டிக்காரி. இதையும் சொல்லத்தான் வேண்டும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்வது ஒன்றுதான்: மூச்சு வாங்குகிறவர்கள் வாக்கியம் பேச மாட்டார்கள், ஒற்றை வார்த்தைதான் பேசுவார்கள். வார்த்தையை எண்ணினால் மூச்சு தெரியும்.

திரையில் அந்த அழைப்பின் குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவளின் விரல் நின்றுவிட்டது.

முட்டை.

திங்கட்கிழமை என்ன சொன்னாள்? "சாவி." போன வாரம்? "மழை வரும்." அதற்கு முன்னால்? அதற்கும் முன்னால்? இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாள், முழு வேகத்தில் எதிரே வந்தபடி, "மத்தியானம் குழாய் ரிப்பேர்காரர் வர்றாரு, நீ வீட்ல இருந்தா அந்தத் தொட்டிக்குக் கீழ இருக்கறதையெல்லாம் எடுத்து வெச்சுடு" என்று மூச்சுப் பிசகாமல் சொல்லிக் கடந்தவள் அண்ணி. குட்டி திரும்பி, பின்னால் பார்த்துக்கொண்டே ஓடி, இந்த நாற்பத்து நாலு வயசுக்காரிக்கு நுரையீரலா, துருத்தியா என்று வியந்தது நன்றாக நினைவிருக்கிறது.

தான் வேகமாகவில்லை. பெஞ்சும் தொட்டியும் நகரவில்லை. அப்படியானால்?

"எனக்கு ஒரு மணி நேரம் வேணும்" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள்.

*

மருத்துவமனையின் சலவைப் பிரிவு அடித்தளத்தில் இருக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டாயிரம் படுக்கை விரிப்பு. கதவைத் திறந்ததும் நீராவி முகத்தில் அடிக்கும். ஆள் உயர இயந்திரங்கள் உருட்டிப் புரட்டி, இஸ்திரி உருளை வழியாக விரிப்புகள் சூடாக வெளியே வரும். பதினெட்டுப் பேருக்கு மேற்பார்வை அண்ணி. இந்த எட்டு வருடத்தில் அவள் வேலை நேரத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

குட்டி உள்ளே நுழைந்தபோது அவள் கவிழ்த்துப் போட்ட ஒரு கூடையின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

பார்த்ததும் எழுந்துவிட்டாள். "என்னடி இங்கே? நிலையத்துல ஏதாவது?"

குட்டி அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை முகத்தைத்தான் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் தொய்ந்திருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

மடிக்க வேண்டிய விரிப்புகள் மலையாகக் கிடந்தன. கூட மடிக்கிற பெண் சாப்பிடப் போயிருந்தாள். அண்ணி ஒரு விரிப்பை உதறி, இரண்டு மூலையை இவள் கையில் கொடுத்தாள். அந்த இடத்தில் சும்மா நின்று பேச யாருக்கும் அனுமதி இல்லை, நாத்தனாருக்கும்தான்.

"எத்தனை நாளா?" என்றாள் குட்டி, மூலையோடு முன்னால் நடந்து வந்தபடி.

"எது?"

"மூச்சு வாங்கறது."

அண்ணி இவள் கையிலிருந்து மூலையை வாங்கிக்கொண்டாள். மடித்து வைத்தாள். அடுத்த விரிப்பை எடுத்தாள்.

"ரெண்டு மாசம். கர்ப்பப்பையில கட்டி. பயப்படற மாதிரி இல்லைன்னு டெஸ்ட் எடுத்துப் பார்த்துட்டாங்க. ரத்தம் ரொம்பப் போயிடுச்சு, அதான் இப்படி. மாத்திரை குடுத்து ஏத்தியிருக்காங்க. எடுத்துடப் போறாங்க."

"எப்போ?"

"சனிக்கிழமை."

குட்டியின் கையிலிருந்து விரிப்பு நழுவிற்று.

"மூலையைப் பிடி, தரையில படுது" என்றாள் அண்ணி. "நானா கேட்டு வாங்கின தேதிதான். அன்னிக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் பரீட்சைக்குப் போயிடுவீங்க. யாரும் என்னைச் சுத்தி நின்னு அழ வேண்டாம். இங்க கூட வேலை பார்க்கிறவ வந்து கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்கா. சாயங்காலம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"ஓடலாம்னா சொன்னாங்க?"

"நடக்கலாம்னாங்க."

"அண்ணி!"

"கத்தாதே. நடுநடுவே நடந்துகிட்டுதான் வந்தேன். வளைவுல உன் தலை தெரியும் பாரு, அங்கேருந்து மட்டும்தான் நிக்காம ஓடினேன்."

"எதுக்கு? யாரு கேட்டா உங்களை? படுத்துக் கிடக்க வேண்டியதுதானே!"

"நான் படுத்தா நீ எழுந்திருப்பியா?" அண்ணிக்கும் குரல் ஏறிற்று. "போன வருஷம் எனக்கு ஜுரம் வந்த அஞ்சு நாளும் நீ போர்வையை விட்டு வந்தியா? எதிர்ல நான் வருவேன், என்னைத் தாண்டணும்னுதான் நீ ஓடறே. எனக்குத் தெரியாதா? அதுவும் இப்ப ரெண்டு மாசமா எவ்வளவு நல்லா வந்துகிட்டிருக்கே. இன்னிக்கு மூணாவது பெஞ்சு!"

"இருபத்தொன்பது நாப்பது" என்றாள் குட்டி.

"என்னது?"

"இன்னிக்கு வாட்ச் வெச்சு ஓடினேன். இருபத்தொன்பது நிமிஷம் நாப்பது செகண்ட். நான் வேகமாகவே இல்லை அண்ணி. நீங்க மெதுவாயிருக்கீங்க. அவ்வளவுதான். நான் ஏதோ பறக்கறேன்னு நினைச்சுக்கிட்டு, போன வாரத்துலேருந்து மெத்தனமா ஓடிட்டிருக்கேன்."

உருளை இயந்திரம் ஒரு விரிப்பைத் துப்பிற்று. அதை எடுக்க ஆளில்லை.

அண்ணி மெதுவாகக் கூடையில் உட்கார்ந்தாள். தன் உடம்புக்கு ஆபரேஷன் என்று சொன்னபோது கலங்காதவள், இப்போது கலங்கிப் போனாள். "அய்யோ, நான் கெடுத்துட்டேனா? நல்லது பண்றதா நினைச்சு உன் பரீட்சையைக் கெடுத்துட்டேனாடி?"

குட்டிக்குக் கோபம்தான் வந்திருந்தது. நியாயமான கோபம். பஸ்ஸில் பாதி வழி அதைத்தான் அடைகாத்துக்கொண்டு வந்தாள். ஆனால் வாய்க்கால் கரையில் யாருமில்லாத இடங்களில் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, மூச்சைச் சேர்த்து, இவள் தலை தெரிந்ததும் முதுகை நிமிர்த்திக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த ஒருத்தியைப் பார்த்து என்ன கோபப்படுவது? சினிமாவில் வேண்டுமானால் இப்படி ஒரு அண்ணி இருப்பாள் என்று அவள் நினைத்திருந்தாள். அந்த அண்ணியின் துண்டைத்தான் வேண்டுமென்றே வேறு கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு இந்த அண்ணியை ரொம்பப் பிடிக்கும். பதினாறு வாரமாகப் படிக்கிறவர்களிடம் அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அவள் செய்தது மகா முட்டாள்தனம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குட்டி அவள் காலடியில் உட்கார்ந்து, மடியில் தலையை வைத்து அழுதாள். சோப்பு வாசனையும் நீராவியுமாக அந்த மடி சூடாக இருந்தது. சாப்பிடப் போன பெண் திரும்பி வந்து, கதவருகிலேயே நின்று, ஒன்றும் கேட்காமல் உருளைப் பக்கம் போய்விட்டாள்.

*

அண்ணனிடம் அண்ணியேதான் சொன்னாள். மாலை நாலரைக்கு, அவன் வேலையிலிருந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தபோது, மூன்றே வாக்கியத்தில். ஒளிவு மறைவு இல்லை, இழுப்பும் இல்லை.

அவன் குழாயை மூட மறந்து நின்றான். குட்டிதான் மூடினாள்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீங்க வீட்டையே தலைகீழாக்கிடுவீங்க. இவ பரீட்சையை விட்டுட்டு என் கட்டிலைக் காவல் காப்பா. எனக்கு ஆபரேஷன் நாளைக்கும் பண்ணலாம், அடுத்த மாசமும் பண்ணலாம். இவ வயசு நிக்குமா?"

அண்ணன் ஈரக்கையோடு கூடத்துக்குப் போனான். தாளின் தலையில் தன் கையெழுத்தைப் பார்த்தான். முப்பது நிமிடம், எப்போதும். அந்த 'எப்போதும்' மேல் நகத்தால் சுரண்டினான். பென்சில் என்பதால் கொஞ்சம் மங்கிற்று, போகவில்லை.

"லிஃப்ட்ல ஒரு சின்னச் சத்தம் மாறினாக்கூட மூணு மாடி கீழேருந்து சொல்லிடுவேன், இந்த பேரிங் போகப் போகுதுன்னு" என்றான். "ஊர்ல எல்லாரும் என்னைக் கூப்பிடறதே அதுக்குத்தான். வீட்ல கூட இருக்கறவளை..." பெரிய உடம்பு அவனுக்கு. அது குலுங்கியதைப் பார்த்து அண்ணி பதறிப் போனாள்.

"போதும் போதும், இதுக்குத்தான் சொல்லலைன்னேன்" என்று முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். அடுத்த நிமிடம் பழைய மேற்பார்வையாளர் ஆகிவிட்டாள். "நடுவுல ரெண்டு நாள் இருக்கு. நாளன்னிக்கு இவ ஓய்வு எடுக்கணும். நாளைக்கு லேசா ஓடலாம். முழு மூச்சா ஓடிப் பார்க்கணும்னா இன்னிக்குத்தான். சைக்கிளை எடுங்க."

"எதுக்கு?"

"நான் பின்னால உட்கார்றேன். நீங்க மிதிங்க. இவ ஓடட்டும்."

*

மாலையில் பாதையில் நல்ல கூட்டம். தரையில் போட்ட வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நடப்பவர்கள், அந்தப் பக்கம் சைக்கிள்கள். வாசலில் அண்ணி பின் இருக்கையில் ஏறி, ஸ்டாப்வாட்சைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"என் பக்கமாப் போலாம். வாய்க்கால் கரை முதல்ல ரெண்டு கிலோமீட்டர் லேசா இறக்கம்."

குட்டி அப்படியே நின்றாள். "இறக்கமா? ரெண்டு வருஷமா நீங்க இறக்கத்துல ஓடினீங்களா?"

"நீ கேட்டியா? திரும்பி வரும்போது ஏத்தம் இருக்குல்ல, அதையும் நான்தானே ஓடினேன்! ம், கிளம்பு. ஒண்ணு, ரெண்டு, மூணு."

முதல் கிலோமீட்டர். "அஞ்சு முப்பத்தஞ்சு. நல்லாருக்கு, தோளைத் தளர்த்து."

இரண்டாவது. "அஞ்சு முப்பது. முன்னாடி ஒரு குழந்தை சைக்கிள் வருது, ஒதுங்கிக்கோ."

பாலத்தைத் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. அண்ணன் எழுந்து நின்று மிதித்தான். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. "நீ உடம்பைக் குறைக்கறேன்னு சொன்னியே" என்று மூச்சுக்கு நடுவே அவன் கேட்க, "பேசாம மிதிங்க, இவளுக்கே மூச்சு இருக்கு" என்றாள் அண்ணி.

அதற்கப்புறம் அவள் அதிகம் பேசவில்லை. குட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு வருடமாகத் தினமும் மூன்று நொடிதான் இவளைப் பார்த்திருக்கிறாள், எதிரே வந்து கடந்து போகிற மூன்று நொடி. ஒரு சுற்று முழுக்கப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முழங்கையை விலாவோடு ஒட்டி, பார்வையை முன்னால் வைத்து, பாதத்தை ஓசையில்லாமல் வைத்து எடுத்து, அழகாக ஓடினாள் குட்டி. மேம்பாலத்துக்குக் கீழே அவளுக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. முகம் கோணிற்று. கையை அங்கே அமுக்கிக்கொண்டாள், ஆனால் நடக்கவில்லை. நாய்க்காரரின் மூன்று நாயும் குறுக்கே வந்தபோது சுற்றிப் போனாள், நிற்கவில்லை. இரண்டு பெட்டியோடு வாசலில் நின்ற அந்தப் பெண்ணா இவள்? அன்றைக்கு நிமிரக்கூட முடியாமல் இருந்தவள். இவ்வளவு பெருமையை அண்ணி தன் வாழ்நாளில் எதற்கும் பட்டதில்லை.

"நாலு முடிஞ்சுது. இருபத்திரண்டு அம்பது. கொஞ்சம்தான்டி, கொஞ்சம்தான்!"

கடைசி இருநூறு மீட்டரில் குட்டி பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தாள். சைக்கிள் பின்தங்கிவிட்டது. நடந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். யாரோ கைதட்டினார்கள். அண்ணி பின் இருக்கையிலிருந்து எம்பிப் பார்த்து, அவள் வாசலைத் தொட்ட கணத்தில் அமுக்கினாள்.

குட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கேட்க வாய் வரவில்லை, கையை மட்டும் நீட்டினாள்.

அண்ணி இறங்கி வந்து எண்ணைப் பார்த்தாள். அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னால் போதும், அந்தப் பெண் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள். இருபது நொடி என்ன பெரிய விஷயம்?

"இருபத்தெட்டு நிமிஷம், இருபது செகண்ட்" என்றாள் அண்ணி.

"கூட்டிக் குறைச்சுச் சொல்லலையே?"

"இல்லை. உன்கிட்ட மறைச்சதெல்லாம் போதும்."

குட்டி தலையை ஆட்டினாள். அழவில்லை. காலையில் நூறு நொடி பாக்கி, இப்போது இருபது. அவளுக்கே சிரிப்பு வந்தது. அண்ணன் புல்லில் மல்லாந்து கிடந்தான். அவனைப் பார்த்தால்தான் பரீட்சை எழுதி வந்தவன் மாதிரி இருந்தது.

"சனிக்கிழமை உங்களை எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டாள் குட்டி.

"ஏழு."

"எனக்கும் ஏழு."

"மருத்துவமனை ஊருக்கு அந்தக் கோடி, மைதானம் இந்தக் கோடி" என்றான் அண்ணன், படுத்தபடியே. அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. எழுந்து உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்போ நான் யார்கூடப் போறது?"

"அண்ணிகூட" என்றாள் குட்டி.

"இவகூட" என்றாள் அண்ணி, அதே நேரத்தில்.